அந்த ஊருக்குக் காணியாளர் யார்?

அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் குடியேறி ஒன்பது வருடம் ஆகிறது. இருந்தாலும் காங்கேயம் வந்தால் அப்பாருவின் (தாத்தாவின்) கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். இந்த முறை மாரியம்மன் நோம்பிக்கு வந்திருந்தேன். பொங்கல் வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்: “ஏங்கண்ணு, நீ இருக்கிற ஊருக்குக் காணியாளன் ஆரு?”

கொங்கு நாட்டில் இது சாதாரணக் கேள்வி. காடு திருத்தி முதலில் குடியேறிய கூட்டத்துக்குத்தான் (குலத்துக்குத்தான்) ஊர்க்காணி என்கிற நில உரிமை, கோயிலில் முதல் மரியாதை. அதற்கும் முன்னால் இங்கே இருந்தவர்களைப் பற்றி அப்பாரு பேசமாட்டார்.

“அங்கேயும் இருந்தாங்கங்க அப்பாரு. பியூரிட்டன்னு பேரு.”

1630-இல் கூட்டமாகக் கப்பலேறி வந்த கிறிஸ்தவப் பிரிவினர். இங்கிலாந்தில் தங்கள் வழியில் கும்பிட விடவில்லை என்று வந்தவர்கள், வந்த இடத்தில் வேறு யாரையும் விடவில்லை. சபையில் சேர்ந்த ஆண்களுக்கு மட்டும் ஓட்டு. கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று 1659-இல் சட்டம் போட்டார்கள். பைபிளில் அப்படி ஒரு பண்டிகை இல்லையாம்! மேரி டயர் என்ற பெண்மணி, குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், துரத்தத் துரத்தத் திரும்பி வந்தார். 1660-இல் தூக்கில் போட்டுவிட்டார்கள். இன்று அவருடைய சிலை எங்கள் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நான் ஆபீஸ் போகும் வழிதான். இரண்டு வருடம் யாரோ ஒரு பாட்டி என்று நினைத்தே கடந்து போயிருக்கிறேன்.

“அப்பறம் உங்களையெல்லாம் எப்பிடி உள்ள உட்டாங்க?”

அதற்கு ரோஜர் வில்லியம்ஸ் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. சேலத்தில் போதகர் (நம் சேலம் இல்லை, அங்கேயும் ஒன்று இருக்கிறது). ஒருவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்பதில் அரசாங்கத்துக்கு வேலை இல்லை என்றார். பூர்வகுடிகளின் நிலத்தை ராஜா எப்படித் தூக்கிக் கொடுக்கலாம் என்றும் கேட்டார். சும்மா விடுவார்களா? 1635-இல் ஊரைவிட்டுப் போகச் சொல்லி உத்தரவு. உறைபனியில் நடந்து, நாரகான்செட் என்ற பூர்வகுடி மக்களிடம் இடம் வாங்கி, 1636-இல் பிராவிடன்ஸ் ஊரை உண்டாக்கினார். அந்தக் குடியேற்றத்துக்குக் குவேக்கர்கள் வந்தார்கள், யூதர்களும் வந்தார்கள். மதத்தில் தலையிடக் கூடாது என்று 1791-இல் நாட்டின் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். ஆனால் அது மத்திய அரசை மட்டும்தான் கட்டியது. எங்கள் மாநிலத்தில் சபைக்கென்று வரி வாங்குவது 1833 வரைக்கும் ஓடியது. ஞாயிறு காலை 10 மணிக்கு முன்னால் மதுக்கடை திறக்காததுகூட அந்தக் காலத்து ஓய்வுநாள் சட்டத்தின் மிச்சம்தான்.

சரி, நமக்கு? ஆஷ்லண்டில் லட்சுமி கோயில் இருக்கிறது. கோபுரம், தேங்காய், பிரசாதம் எல்லாம் உண்டு. யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அப்பாரு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அங்க மொத மரியாத ஆருக்கு?”

“சீட்டு வாங்குனவங்களுக்குங்க. வரிசைப்படி.”

அவர் வாயைத் திறப்பதற்குள், எங்கள் கூட்டத்தின் பெயரைச் சொல்லிப் பூசாரி கூப்பிட்டார். அப்பாரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.