வால்வுகளைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்கு

1950, 60களில் அமெரிக்க வீடுகளில் டிவி படுத்துக்கொண்டால், மெக்கானிக்குக்கு போன் போடுவதற்கு முன் செய்து பார்க்கும் வேலை ஒன்று உண்டு. வால்வுகளை உருவிக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்கோ ஹார்டுவேர் கடைக்கோ போவது. அங்கே டியூப் டெஸ்டர் என்ற மெஷின் நிற்கும். நம் ஊர் வால்வு ரேடியோவில் இருந்த அதே கண்ணாடிக் குழல் சாமானைத்தான் அவர்கள் டியூப் என்றார்கள். சோதிக்கக் காசில்லை, மெஷினுக்கு அடியில் பூட்டிய அலமாரியில் புது வால்வுகள் விற்பனைக்கு இருக்கும்.

எதை உருவுவது என்பதைத் திரையே சொல்லும். சத்தம் வருகிறது, திரை இருட்டு என்றால் மூன்று வால்வுகள் மேல் சந்தேகம் (அடைப்புக்குள் இருப்பது வால்வின் மேல் அச்சிட்ட நம்பர்): திரையில் கோடுகளைக் குறுக்கே வரைய வைக்கும் ஹரிசாண்டல் அவுட்புட் (6DQ6 போன்றது), அதற்குத் துணையான டாம்பர் (6AX4), பிக்சர் டியூப் என்ற திரைக்குழாய்க்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் ஹை வோல்டேஜ் ரெக்டிஃபயர் (1B3). நடுவில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு நின்றால், படத்தை மேலும் கீழுமாகப் பரப்பும் வெர்டிகல் அவுட்புட். படம் முழுக்கப் பொரி பறந்தால் முதலில் சேனலைப் பிடிக்கும் டியூனர் வால்வு. எந்த வால்வு எங்கே என்ற படம் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும். சில செட்டுகளில் வால்வுகளுக்குள் சூடேறும் இழைகளான ஹீட்டர்கள் எல்லாம் சீரியல் லைட் மாதிரி ஒரே வரிசையில் இருக்கும். ஒன்று போனால் எல்லாமே அணைந்துவிடும். அப்போது மட்டும் அத்தனையையும் எடுத்துப்போகத்தான் வேண்டும்.

பின் அட்டையைக் கழற்றினால் கரண்ட் வயரும் அதோடு கழன்று வந்துவிடும். அதை நம்பி உள்ளே கை விடக்கூடாது. பிக்சர் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குள் போகும் தடித்த வயரில், அணைத்த பிறகும் வெகுநேரம் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். வால்வு ஆறிய பிறகு, சாய்க்காமல் லேசாக ஆட்டி நேராக மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் சின்ன வால்வுகளின் ஊசி போன்ற பின்கள் வளையும். கண்ணாடியைத் துடைக்கவே கூடாது. நம்பர் துணியோடு போய்விடும். மங்கிப்போன நம்பர் மேல் வாயால் ஊதினால், அந்த ஈரப்படலத்தில் எழுத்து ஒரு கணம் தெளிந்து வரும். உடனே ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிட வேண்டும். உச்சியில் வெள்ளிப்பூச்சுக்குப் பதில் பால் வெள்ளையாக இருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அதைச் சோதிக்கவே வேண்டாம்.

கடையில், மெஷினோடு இருக்கும் பட்டியலில் நம்பரைத் தேடி, சொன்ன சாக்கெட், சொன்ன செட்டிங். நம்பரின் முதல் எண் ஏறக்குறைய ஹீட்டர் வோல்டேஜ்: 6 என்றால் 6.3, 12 என்றால் 12.6. ஆறு வோல்ட் வால்வுக்குப் பன்னிரண்டு கொடுத்தால் நல்ல வால்வும் அங்கேயே செத்துப்போகும். சூடேற ஒரு நிமிடமாவது விட்டு, முதலில், வால்வுக்குள் பாகங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் எரியும் ஷார்ட் விளக்கைப் பார்க்க வேண்டும். விரலால் மெல்லத் தட்டும்போது அது மினுக்கினாலும் வால்வு கெட்டதுதான். பிறகு பட்டனை அழுத்தினால் முள் பச்சைக்கோ சிவப்புக்கோ நகரும்.

அந்த முள்ளை முழுதாக நம்பக்கூடாது என்பதே என் முடிவு. ஷார்ட், அணைந்த ஹீட்டர் இரண்டிலும் மெஷின் சொல்வது சரி. ஆனால் அது கொடுப்பது குறைந்த வோல்டேஜ். செட்டுக்குள் ஹரிசாண்டல் அவுட்புட் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பைத் தாங்க வேண்டும். டியூனர் வால்வு வினாடிக்குக் கோடிக்கணக்கான அதிர்வுகளில் ஓட வேண்டும். அதனால் இங்கே பச்சை காட்டியதும் அங்கே படுத்துவிடும். சந்தேகப்பட்ட இடத்துக்கு அதே நம்பரில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்; மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. டியூனரில் புதியதைப் போட்டதும் சேனல் சற்று விலகினால் பயப்பட வேண்டாம், ஃபைன் டியூனிங் குமிழைத் திருப்பினால் நேராகிவிடும். மாற்றியும் சரியாகாவிட்டால் பழையதையே திரும்பச் சொருகி, புதியதை அட்டைப்பெட்டியோடு பத்திரப்படுத்த வேண்டும்.