சுழற்றிக் கிடைக்கும் கன அளவு: இணையத்தில் உதவி தேடிய அனுபவம்

வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் கணிதம் படிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சந்தேகம் வருகிற நேரத்தில் பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது. தொகை நுண்கணிதத்தில் வளைவரைகளுக்கு இடைப்பட்ட பரப்பளவு வரை எனக்குத் தடங்கல் இல்லை. அந்தப் பரப்பை ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் உண்டாகும் திடப்பொருளின் கன அளவு என்று வந்ததும் வண்டி நின்றுவிட்டது. தொகையிடத் தெரியும், எதைத் தொகையிடுவது என்பதுதான் பிடிபடவில்லை.

நிறுத்திய கணக்கு இதுதான். ஒய் = எக்ஸ் வர்க்கம், ஒய் = எக்ஸின் வர்க்கமூலம் என்ற இரண்டு வளைவரைகளும் எக்ஸ் 0 ஆகும்போதும் 1 ஆகும்போதும் சந்திக்கின்றன. இடையில் அடைபடும் பரப்பை எக்ஸ் அச்சைச் சுற்றிச் சுழற்று. அடுத்த உட்பிரிவில் அதே பரப்பை ஒய் = 2 என்ற கோட்டைச் சுற்றிச் சுழற்று.

முதலில் வீடியோக்கள். கான் அகாடமி என்ற இலவசக் கல்வித் தளத்தில் இந்தப் பகுதி டிஸ்க் (வட்டத் தட்டு), வாஷர் (நடுவில் ஓட்டையுள்ள தட்டு), ஷெல் (உருளை ஓடு) என்று சிறு சிறு பாடங்களாக இருக்கிறது. அடிப்படை புரிய அது போதும். எம்ஐடி ஓப்பன் கோர்ஸ்வேரில் 18.01 என்ற எண்ணுள்ள ஒற்றை மாறி நுண்கணித வகுப்பும் இலவசம்தான். ஆனால் வீடியோவில் ஒரு தொல்லை. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். நிறுத்திவிட்டுத் தாளை எடுத்தால் முதல் வரி வராது. எழுத்துவடிவில் படிப்பதுதான் எனக்கு ஒத்துவந்தது. லமார் பல்கலைக்கழகத்தின் பால் டாக்கின்ஸ் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் நுண்கணிதக் குறிப்புகளில் வாஷர் முறைக்கும் ஷெல் முறைக்கும் தனித்தனிப் பக்கங்கள், படங்களோடு உள்ளன. ஒரு வரியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது பெரிய வசதி.

அப்புறம், கணக்கைப் படம் எடுத்துப் போட்டால் படிப்படியாக விடை தரும் ஒரு செயலி. இரண்டு உட்பிரிவுகளையும் கொடுத்தேன். படிகள் அச்சடித்தது போல சுத்தமாக வந்தன. இரண்டுக்கும் விடை 9 பை / 70. புத்தகத்தின் பின்னால் இருந்ததோ முதலாவதுக்கு 3 பை / 10, இரண்டாவதுக்கு 31 பை / 30. எங்கே வேறுபடுகிறது என்று அந்தப் படிகளில் எவ்வளவு தேடினாலும் தெரியவில்லை, ஏனென்றால் தொகையிடலில் ஒரு பிழைகூட இல்லை.

இந்த இரண்டு விடைகளையும் எடுத்துக்கொண்டு இணையவழியில் தனியாகக் கற்பிக்கும் ஓர் ஆசிரியையிடம் போனேன். வீடியோ அழைப்பும் இருவரும் எழுதக்கூடிய ஒரு வெண்பலகையும், அவ்வளவுதான் ஏற்பாடு. அவர் கணக்கைப் போட்டுக் காட்டவே இல்லை. “ரெண்டு கணக்குக்கும் ஒரே விடை வந்திருக்கே, அது உங்களுக்கு உறுத்தலையா?” என்றார்.

“உறுத்தணுமா மேடம்?”

“அச்சை நூறு அலகு தள்ளி வெச்சுப் பாருங்க. அப்பவும் இதே கன அளவுதான் வருமா?”

அங்கேதான் கணக்கு திறந்தது. எக்ஸ் அச்சுக்குச் செங்குத்தாக ஒரு மெல்லிய பட்டையை எடுத்துச் சுழற்றினால் நடுவில் ஓட்டையுள்ள ஒரு வளையம் கிடைக்கிறது. அதன் பரப்பு பெரிய வட்டத்தில் சின்ன வட்டத்தைக் கழித்தது, அதாவது பை பெருக்கல் (வெளி ஆரத்தின் வர்க்கம் கழித்தல் உள் ஆரத்தின் வர்க்கம்). செயலி ஆரங்களை முதலில் கழித்துவிட்டு வித்தியாசத்தை வர்க்கப்படுத்தியிருந்தது. அந்த வித்தியாசம் பட்டையின் நீளம் மட்டுமே. அச்சு பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் அது மாறாது, அதனால் விடையும் மாறவில்லை. தூரத்தில் இருக்கும் பட்டை பெரிய சுற்றுச் சுற்ற வேண்டும், கன அளவு கூடித்தான் ஆக வேண்டும். சரியாகப் போட்டால் எக்ஸிலிருந்து எக்ஸின் நான்காம் அடுக்கைக் கழித்து 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும். 1/2இல் 1/5 போக 3/10, கூடவே ஒரு பை.

இரண்டாவது உட்பிரிவுக்கு அவர் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். சமன்பாடு எழுதுவதற்கு முன் சுழலும் அச்சிலிருந்து ஒவ்வொரு வளைவரைக்கும் ஓர் அம்புக்குறி போட வேண்டும். அம்பின் நீளம்தான் ஆரம். ஒய் = 2 என்ற கோடு மேலே இருப்பதால் அங்கிருந்து பார்த்தால் வர்க்கமூல வளைவரை கிட்டத்தில், வர்க்க வளைவரை தொலைவில். ஆக வெளி ஆரம் 2 கழித்தல் எக்ஸ் வர்க்கம், உள் ஆரம் 2 கழித்தல் எக்ஸின் வர்க்கமூலம். மேலே இருக்கும் வளைவரைதான் வெளி ஆரம் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இங்கே மைனஸ் 31 பை / 30 வரும். அது ஒருவிதத்தில் நல்ல பிழை, தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. 9 பை / 70 அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை.

ஷெல் முறை அதற்குப் பிறகு சுலபமாகவே வந்தது. ஒய் = எக்ஸ் கழித்தல் எக்ஸ் கனம் என்ற வளைவரைக்குக் கீழே 0 முதல் 1 வரையுள்ள பரப்பை ஒய் அச்சைச் சுற்றிச் சுழற்றச் சொன்னார். வாஷர் முறையில் போக வேண்டுமானால் ஒரு முப்படிச் சமன்பாட்டைத் தீர்த்து எக்ஸை ஒய்யில் எழுத வேண்டும், யாருக்கு வேண்டும் அந்த வேலை. அச்சுக்கு இணையான பட்டையைச் சுழற்றினால் ஓர் உருளை ஓடு. அதைக் காகிதச் சுருளைப் போல வெட்டி விரித்தால் நீளம் 2 பை எக்ஸ், உயரம் ஒய், தடிமன் மிகச் சிறிது. தொகையிட்டால் 4 பை / 15. இந்த உருளையை ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளின் முப்பரிமாணப் பக்கத்தில் வரைந்து, கோணத்துக்கு ஒரு ஸ்லைடர் வைத்து 0 பாகையிலிருந்து 360 வரை நகர்த்திப் பார்த்தேன். முழுத் திடப்பொருளையும் வரைவது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். ஒற்றைப் பட்டையை மட்டும் சுழலவிட்டால்தான் எதை எழுத வேண்டும் என்று தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் வந்த சரிபார்ப்பு. பழங்காலக் கிரேக்கக் கணிதவியலாளர் அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் பெயரில் ஒரு தேற்றம் இருக்கிறது. சுழலும் பரப்பை, அதன் மையப்புள்ளி சுற்றிவரும் தூரத்தால் பெருக்கினால் கன அளவு. அச்சு அந்தப் பரப்பை வெட்டிக்கொண்டு போகக் கூடாது என்பதுதான் நிபந்தனை. முதல் கணக்கின் பரப்பு 1/3, அதன் மையப்புள்ளி எக்ஸ் அச்சிலிருந்து 9/20 உயரத்தில். 2 பை பெருக்கல் 9/20 பெருக்கல் 1/3 என்றால் 3 பை / 10. ஒய் = 2 கோட்டிலிருந்து மையப்புள்ளியின் தூரம் 31/20, விடை 31 பை / 30. புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்ட வேண்டிய தேவையே இல்லை. பாடத்திட்டத்தில் இதைச் சேர்க்காதவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு.

உதவி கேட்கும் விதமும் இதற்குள் மாறிவிட்டது. முன்பு கணக்கின் படத்தை மட்டும் அனுப்பி “இது எப்படி?” என்பேன். இப்போது கையால் வரைந்த பரப்பு, அச்சு, ஒரு பட்டை, ஆரம் என்று நான் நினைக்கும் அம்புக்குறி, எழுதிய தொகையீடு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புகிறேன். பதில் பெரும்பாலும் ஒரே வரியில் வந்துவிடுகிறது, சிலசமயம் அனுப்புவதற்கு முன்பே கேள்வி தீர்ந்துபோகிறது. தொகையிடலில் எண்களைச் சரிபார்க்க மட்டும் உல்ஃப்ராம் ஆல்ஃபா என்ற கணக்கிடும் தளத்தைத் திறக்கிறேன். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

அடுத்த பாடம் சுழற்சியால் வரும் வளைபரப்பு. பட்டைகளின் விளிம்பை நேராக வைத்தே கன அளவு சரியாக வந்ததே, இதற்கும் அதேபோல 2 பை ஒய்யைத் தொகையிட்டால் என்ன என்று ஓரலகு ஆரமுள்ள கோளத்துக்குப் போட்டுப் பார்த்தேன். 4 பை வர வேண்டிய இடத்தில் பையின் வர்க்கம் வருகிறது. 12.57க்குப் பதில் 9.87. வளைவரையின் சாய்வு நீளத்தைச் சேர்க்க வேண்டும் என்று குறிப்புகளில் இருக்கிறது. கன அளவுக்கு அந்தச் சாய்வு ஏன் தேவைப்படவில்லை என்ற கேள்வியை ஒரு படத்தோடு மேடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.