கூரை ஒன்று, படிவம் பன்னிரண்டு

மார்ச், ஏப்ரலில் இலங்கை மலையகத்தில் காலையில் வெயில் காயும், மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு கொட்டும். அது வழக்கம்தான். இந்தத் தடவை ஐஸ் மழையும் காற்றும் சேர்ந்து வந்து, ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற எங்கள் லயத்தின் (ஒரே கூரையில் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகள்) நடுவீடுகளில் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டன. சில தகரங்களைத் தேயிலை மலைக்குள் போய்த்தான் தேடி எடுத்தோம்.

எங்கள் காம்பராவில் (லயத்தில் எங்கள் வீடு) ஒரு தகரமும் அசையவில்லை. ஆனாலும் சுவரோரமாகத் தண்ணீர் இறங்கியது. இடி ஓய்ந்ததும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலி நிறைய ஐஸ் கட்டி. உருகிய தண்ணீருக்குப் போக வழியில்லை. அது பின்பக்கமாக ஏறி, தகரத்துக்கு அடியால் உள்ளே வந்திருக்கிறது. கையால் அள்ளிக் கொட்டினேன், ஒழுகல் நின்றது. கூரை போனவர்களுக்கு அன்றிரவு படங்கு (தார்ப்பாய்) இழுத்துக் கட்டிக் கொடுத்தோம்.

விடிந்ததும் எல்லோரும் விளக்குமாறைத்தான் தேடினார்கள். பக்கத்து வீட்டு அக்காவைக் கெஞ்சி நிறுத்தினேன். முதலில் படம். வீட்டு இலக்கம் தெரிகிற மாதிரி வாசல், மேலே திறந்து கிடக்கிற கூரை, நனைந்த மெத்தை, பிள்ளைகளின் கொப்பிகள், எல்லாவற்றையும் போனில் எடுத்தோம். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவித்தோம். ஆனால் காரியம் நகர்வது கிராம சேவகர் வந்து பார்த்த பிறகுதான்.

வந்தவர் நல்ல மனிதர். நான் எழுதி வைத்திருந்த கடிதத்தைப் படித்துவிட்டு, "தம்பி, கூரை உடைஞ்சதுன்னு மட்டும் எழுதினா ஒண்ணும் நடக்காது. எத்தனை தகரம், எத்தனை அடி, உள்ள என்ன நனைஞ்சது, அதை வீட்டுக்கு வீடு எழுதுங்க" என்றார். அதில்தான் வேலையே இருந்தது. பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே முகடு, தகரத்தைத் தாங்குகிற ஒரே ரீப்பை (மரச்சட்டம்) வரிசை. பிரதேச செயலகத்துக்கோ ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி. ஒரு தகரம் இரண்டு வீட்டுச் சுவருக்கு மேலாகக் கிடந்தால் அது யார் கணக்கு? இந்த வீட்டுக்குப் பாதி, அந்த வீட்டுக்குப் பாதி என்று எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் உரிமைப் பிரச்சினை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனதிலிருந்து லயத்தைத் திருத்துவது யார் பொறுப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எங்களிடம் உறுதிப்பத்திரம் இல்லை. ஆகவே நாங்கள் இங்கேதான் குடியிருக்கிறோம் என்று தோட்ட ஆபீஸிலிருந்து கடிதம் வேண்டும். தோட்டத் தலைவரும் நானும் போய் நின்றோம். கடிதம் தந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. தகரம் கேட்டபோதுதான் பேச்சு மாறியது. கூரை தோட்டத்துடையதாம், தகரம் ஸ்டோரில் இல்லையாம், மேலிடத்துக்கு எழுதியிருக்கிறதாம். அந்தப் பதிலையும் எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். வாய்ப்பேச்சை யாரும் கோப்பில் வைக்க மாட்டார்கள்.

மே மாதக் கடைசியில் தென்மேல் காற்று தொடங்கிவிடும். அதுவரை பொறுக்க முடியாது என்று வீட்டுக்கு வீடு காசு சேர்த்தோம். கூரை போகாதவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். ஓர் இடத்தில் காற்று புகுந்தால் அடுத்த வீட்டையும் தூக்கும் என்று கூரை வேலைக்கு வந்த பாஸ் காட்டிக் கொடுத்த பிறகு தந்தார்கள். வாங்கியது 0.47 மில்லிமீற்றர் தகரம். மெலிந்தது விலை குறைவு, ஆனால் எங்கள் காற்றுக்குத் தாங்காது. பாஸ் ஆணியை நெளியின் மேட்டில்தான் அடித்தார். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடுகிற இடத்திலேயே ஓட்டை. ஒவ்வொரு ஆணிக்கும் ரப்பர் வாசர். தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற விளிம்பைக் காற்று வருகிற திசைக்கு முதுகு காட்டி வைத்தார். உளுத்த ரீப்பையில் ஆணி நிற்காது என்று அவற்றையும் மாற்றச் சொன்னார். செலவு ஏறியது அதில்தான்.

கீழே தனி வீட்டில் இருக்கிற மாமாவுக்கு அஸ்பெஸ்டஸ் சீட். ஐஸ் விழுந்து வெடித்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொன்னேன்.

நிவாரணப் பணம் பிறகு வந்தது. தகரத்துக்குக் காணாது, ரீப்பைக்கும் ஆணிக்கும் சரியாகப் போனது. கடைசிக் காம்பராவில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே கதவு, ஒரே இலக்கம். படிவம் ஒன்றுதான் ஏற்றார்கள். தம்பியைத் தனிக் குடும்பமாகப் பதியச் சொல்லிக் கிராம சேவகரிடம் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.