ஒரே நாளில் எழுதிய இரண்டு அறிக்கைகள்

“என் மவனுக்கும் அதே மூளைதானேம்மா?”

அந்த அக்கா கோபமாகக் கேட்கவில்லை. துப்புரவு வேலைச் சீருடையிலேயே வந்திருந்தார். மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

பேச்சை எடுத்தவள் நான்தான். பதின்ம வயதில் பரபரப்பைத் தேடும் மூளைப் பகுதிகள் முந்திக்கொள்ளும், நிதானிக்க வைக்கும் நெற்றிப் பக்கம் முழுதாக முதிர 25 வயதுகூட ஆகலாம் என்று எல்லாப் பெற்றோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். 2005இல் வெளிவந்த அந்தக் கார் விளையாட்டு ஆய்வையும் சொன்னேன். கணினியில் கார் ஓட்டும்போது நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் பதின்ம வயதினர் மிக அதிகமாகத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

சிங்கப்பூரில், சிறு குற்றம் செய்த பிள்ளைகளை வழக்குக்குப் பதிலாகச் சேர்க்கும் ஆறு மாத வழிகாட்டித் திட்டத்துக்கு அவர் மகனை நான் பரிந்துரைக்கவில்லை என்று தெரிவிக்க வேண்டிய நாள் அது.

பையன்கள் இரண்டு பேர். ஒரே இரவு, ஒரே புளோக், ஒரே சைக்கிள் திருட்டு, இருவருக்கும் வயது 15. ஒருவன் பேர்பெற்ற பள்ளி. அப்பா, அம்மா இருவரும் விடுப்பு எடுத்து, சான்றிதழ்க் கோப்போடு வந்தார்கள். இன்னொருவன் மதிப்பெண் குறைந்தவர்களைச் சேர்த்த நார்மல் டெக்னிக்கல் பிரிவு, அரசின் சிறிய வாடகை வீடு, பள்ளிக்குப் பாதி நாள்தான் போவான். முதல் அறிக்கையில் “நண்பரின் தூண்டுதலுக்கு ஆளானவர்” என்று எழுதினேன். இரண்டாவதில் “தீய சகவாசம் உடையவர்”. அன்று அவர்களோடு வேறு யாருமே இல்லை. அவனுக்கு இவன் நண்பன், இவனுக்கு அவன் நண்பன்.

முடிவு தவறா என்று கேட்டால், இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. பெற்றோரும் கூட வர வேண்டிய திட்டம் அது. பள்ளிக்கே போகாதவன் வருவானா? பாதியில் நின்றால் அவனுக்குத்தானே இன்னும் சிக்கல்? இப்படி யோசித்துத்தான் எழுதினேன். ஆனால் அந்த அக்காவின் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று நான் கேட்கவே இல்லை. மாலையில் வர முடியுமா என்றாவது கேட்டிருக்கலாம்.

ரயிலில் ஒரு பெண்ணிடம் அத்துமீறிய பல்கலைக்கழக மாணவருக்கு 2019இல் நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும் விதித்தார்கள். அவருடைய நல்ல மதிப்பெண்களும் கணக்கில் வந்தன. ஊரே கொதித்தது, நானும்தான். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அதை இரண்டு வாரச் சிறையாக மாற்றியபோது நியாயம் என்றேன். அதே கைதான் முதல் பையனின் கோப்பில் “படிப்பில் மேலே வரக்கூடியவர்” என்று எழுதியிருந்தது. சட்டம் வயதைப் பார்க்கிறது. 2020இலிருந்து பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைமீது குற்றவழக்கே கிடையாது, அதற்கு முன் அந்த எல்லை ஏழு. பள்ளியின் பெயரையும் வீட்டின் அளவையும் அதில் சேர்த்தது நான்.

சொந்தக்காரர்கள் பேசும்போதும் இதுதான் கேட்கிறது. தெரிந்தவர் பிள்ளை என்றால் “வயசுக் கோளாறு”. அடுத்த புளோக் பிள்ளை என்றால் “உள்ளே போட்டால்தான் திருந்தும்”. முன்பு பேசாமல் இருந்துவிடுவேன். இப்போது இருக்க முடிவதில்லை.

“அதே மூளைதான் அக்கா” என்றேன்.

“அப்ப ஏன்மா?”

நான் நடைமுறையைப் பற்றிப் பேசினேன், அதுவும் நிறைய நேரம். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு மணிக்கு வேலை, புறப்பட வேண்டும் என்றார். கதவு மூடுவதற்குள் வெளியே பையனின் குரல் கேட்டது.

“என்னம்மா சொன்னாங்க?”

“ஒண்ணுமில்லப்பா. உனக்கு மூளை இன்னும் வளருதாம்.”