கயிறு வாங்க ஓர் அறக்கட்டளை

சதுரகிரி மலைக்கோயிலில் அன்னதானம் என்று வாயைத் திறந்தால் போதும், அரிசி மூட்டைகள் வந்து இறங்கும். மலையில் விழுந்தவர்களை இறக்க மீட்புக் கயிறு வாங்க வேண்டும் என்று கேட்டால், "போன வருஷம்தானே வாங்கினீர்கள்?" என்பார்கள். பாறையில் உரசி உறை கிழிந்த கயிற்றை நம்பி அதன்பின் யாரைக் கட்டி இறக்குவது?

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் தாணிப்பாறை அடிவாரத்தில் நிற்கும் நண்பர்கள் நாங்கள். மதுரை, பேரையூர் பக்கத்து ஆட்கள். கால் பிசகியவர்களையும் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிட்டவர்களையும் ஸ்ட்ரெச்சரில் கீழே இறக்குவோம். 108 வண்டி அடிவாரத்தோடு நின்றுவிடும். தூக்க ஆறு பேர், தோள் மாற்ற இன்னும் சிலர், வழுக்குப்பாறையில் மேலிருந்து கயிறு விட இருவர். 2015 மே மாதம் ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்த பிறகு ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. செலவுதான் எங்கள் கைக்காசு.

2022-இல் எங்கள் குழுவைப் பதிவு செய்ய முடிவெடுத்தோம். சங்கம் என்றால் குறைந்தது ஏழு உறுப்பினர், பொதுக்குழு என்று நீளும். அறக்கட்டளைக்குப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் போதும். அந்தப் பத்திரத்தின் நோக்கப் பகுதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. "மலை மீட்பு" என்று மட்டும் எழுதியிருந்தோம். ஆடிட்டர் அடித்துவிட்டு, "முதலுதவி, மருத்துவ நிவாரணம்" என்பதை முதலில் சேர்த்தார். வருமான வரிச் சட்டம் மருத்துவ நிவாரணத்தைத் தனியாகவே அறப்பணி என்கிறது. பொதுப்பயன் என்ற பொதுவான தலைப்பில் விழுந்தால், பயிற்சிக்குக் கட்டணம் வாங்கும்போது அந்த வருமானத்துக்கான வரம்பு குறுக்கே வருமாம். பத்திரத்தைப் பதிந்த பின் திருத்துவது பெரும்பாடு; வரைவிலேயே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

பிறகு பான் அட்டை, வங்கிக் கணக்கு. அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி இரண்டுக்கும் அப்போது படிவம் 10ஏ, இணையத்திலேயே. முதலில் தற்காலிகப் பதிவுதான் கிடைத்தது, மூன்று ஆண்டுகளுக்கு. வங்கிதான் எங்களை அலைக்கழித்தது. அறங்காவலர்கள் எல்லோரும் ஒரே நாளில் நேரில் வர வேண்டுமாம். பௌர்ணமிக்கு வராமலிருக்காதவர்கள், வங்கிக்கு மட்டும் ஒன்றாகச் சேரவே இல்லை.

80ஜி வந்ததும் கொடுப்பவர்களின் பேச்சே மாறிவிட்டது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை கிடையாது என்பதால் எல்லாம் வங்கி வழியாகவே வருகிறது. ஒருவர் ஸ்ட்ரெச்சரில் தன் தகப்பனார் பெயர் எழுத முடியுமா என்று கேட்டார். ட்யூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிற ஊர்தானே, எழுதிவிட்டோம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு சிஎஸ்ஆர்-1 படிவம் தனியாக உண்டு. அதற்கு இப்போதுதான் காகிதம் சேர்க்கிறோம்.