78,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்? மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சிஜிஎச்எஸ் கணக்கு

மத்திய கலால் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு மார்த்தாண்டம் பக்கம். ஓய்வு பெற்றதும் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது, "சிஜிஎச்எஸ் கார்டு எடுத்தாச்சா?" மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்குமான மருத்துவத் திட்டம் அது. சரி, எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று திருப்பிக் கேட்டால் ஆளுக்கொரு பதில். ஒருவர் மாதம் 650 என்றார். இன்னொருவர் மொத்தமாக 78,000 என்றார். மூன்றாவது ஆள், "அது நமக்கு உதவாது சாரே, டிஸ்பென்சரி களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்லா கெடக்கு" என்று கையை விரித்தார். விசாரித்துப் பார்த்ததில் மூவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

சந்தா, ஓய்வு பெறும்போது இருந்த சம்பள லெவலைப் பொறுத்தது. 1 முதல் 5 வரை மாதம் 250 ரூபாய். லெவல் 6-க்கு 450. 7 முதல் 11 வரை 650, நான் இந்தப் பிரிவு. 12-க்கும் அதற்கு மேலும் 1,000. 2017 பிப்ரவரியில் வந்த விகிதம் இது. அதற்கு முன்பு என் பிரிவுக்கு 325 தான். ஓய்வூதியர்கள் இதை மாதாமாதம் கட்டுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை கட்டலாம், அல்லது பத்து வருடச் சந்தாவை ஒரே தவணையில் கட்டிவிட்டால் ஆயுளுக்கும் போதும். 650-ஐ 120-ஆல் பெருக்கினால் வருவதுதான் அந்த 78,000. கீழ் லெவல்காரர்களுக்கு 30,000, உச்சிக்கு 1,20,000. வருடச் சந்தா கட்டுகிறவர் விகிதம் கூடினால் கூடியதைக் கட்ட வேண்டும். 325 ஒரே நாளில் 650 ஆனதைப் பார்த்தவன் என்பதால் மொத்தமாகக் கட்டுவது என்று முடிவு செய்ய எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

யோசிக்க வைத்தது வேறொன்று. சிஜிஎச்எஸ் நலவாழ்வு மையம் (அந்த டிஸ்பென்சரிதான்) இல்லாத ஊர்களில் வசிக்கும் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படி உண்டு. எப்எம்ஏ என்பார்கள். வெளிநோயாளியாகப் பார்க்கும் செலவுக்கு என்று தரப்படுவது. குமரி மாவட்டத்தில் மையம் கிடையாது. நமக்குப் பக்கம் என்றால் திருவனந்தபுரம், இல்லாவிட்டால் திருநெல்வேலி. மார்த்தாண்டத்துக்காரனுக்குத் திருவனந்தபுரம்தான் கிட்டம், ஆனாலும் நெரிசலில் போய்த் திரும்ப அரை நாள் போய்விடும். பிரஷர் மாத்திரைக்கும் சுகர் மாத்திரைக்கும் ஒவ்வொரு தடவையும் அங்கே போய் டோக்கன் எடுத்து உட்கார முடியுமா?

போக வேண்டியதில்லை என்பதைத்தான் ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை. கார்டை உள்நோயாளி சிகிச்சைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வெளிநோயாளி வசதியை விட்டுக்கொடுத்து, எப்எம்ஏவையும் வாங்கிக்கொண்டே இருக்கலாம். சந்தாவில் தள்ளுபடி இல்லை, அதே 78,000 தான். ஆனால் மாதம் 1,000 வந்துகொண்டிருப்பதால் கட்டிய பணம் ஆறரை வருடத்தில் திரும்பிவிடும். 30,000 கட்டுகிறவருக்கு இரண்டரை வருடம். எப்எம்ஏவுக்கு அகவிலைப்படி கிடையாது, எத்தனை வருடமானாலும் அதே ஆயிரம்தான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்படியானால் மருந்துச் செலவு நம் தலையில். எனக்கும் மனைவிக்கும் சேர்த்து மெடிக்கல் ஸ்டோர் பில் மாதம் மூவாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. டாக்டரிடம் கேட்டு, மூலப்பொருள் பெயரில் எழுதி வாங்கி, மக்கள் மருந்தகத்துக்கு மாறிய பிறகு ஆயிரத்துச் சொச்சத்தில் நிற்கிறது. எல்லா மாத்திரையும் அங்கே கிடைக்காது, ஒன்றிரண்டு இன்னும் பழைய கடையில்தான். எப்எம்ஏவில் ஏறக்குறைய கட்டுப்படியாகிறது.

கார்டு எடுத்த கதை நீளமில்லை. பிபிஓ எனும் ஓய்வூதிய ஆணையின் நகல், கடைசிச் சம்பளச் சான்று, எங்கள் இருவரின் ஆதார், போட்டோ, சந்தா கட்டிய ரசீது. நான் மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில் கட்டினேன். 2025 ஏப்ரல் கடைசியில் இருந்து சிஜிஎச்எஸ் தளத்துக்குள்ளேயே கட்டும்படி மாற்றிவிட்டார்கள், ஆகவே பழைய யூடியூப் வீடியோக்களை நம்பி இறங்க வேண்டாம். வார்டும் கடைசி அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்துத்தான்: 36,500 வரை பொது வார்டு, 50,500 வரை செமி பிரைவேட், அதற்கு மேல் தனி அறை.

தலைவலி வந்தது வங்கியில். கார்டு எடுத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் எப்எம்ஏவை நிறுத்திவிட்டார்கள். "ரெண்டும் வாங்கக் கூடாதுல்லா சார்" என்றார் அந்தத் தம்பி. உள்நோயாளிக்கு மட்டும் என்று கார்டு விண்ணப்பத்தில் கொடுத்த உறுதிமொழியின் நகலையும், அப்படி இரண்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆணையின் நகலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது ஓய்வூதிய மையத்துக்குப் போய், விட்டுப்போன மாதங்களையும் சேர்த்து வரவு வைக்கும் வரை அலைச்சல்தான். உறுதிமொழியில் கையெழுத்துப் போடும்போதே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தக்கலையில் இருக்கும் என் அக்கா அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுடையது மாநில அரசின் காப்பீடு, என்ஹெச்ஐஎஸ். அவள் கணக்கே வேறு. "மாசம் 497 பிடிக்கான், 300 மருத்துவப்படி தாறான், பெறவு என்னல கணக்கு?" என்பாள். இருக்கிறது. அவள் சேர்ந்திருப்பது 2022 ஜூலையில் தொடங்கி 2026 ஜூன் வரைக்குமான திட்டம். 48 மாதப் பிடித்தம் 23,856 ரூபாய். அதற்குக் கிடைக்கும் 5 லட்சம் வருடத்துக்கு அல்ல, நான்கு வருடத்துக்கும் சேர்த்து, அவளுக்கும் அத்தானுக்கும் சேர்த்து. குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கு மட்டும் 10 லட்சம் வரை. இதை அவளுக்கு விளக்கியபோது ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அத்தான் முட்டு ஆபரேஷனை வச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்று கேட்டாள். சிஜிஎச்எஸ்ஸில் இப்படி மொத்த வரம்பு கிடையாது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் அவர்கள் நிர்ணயித்த விலைதான் வரம்பு. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான், சந்தாத் தொகை அல்ல.

கார்டு உபயோகப்பட்டது மனைவிக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது. திருவனந்தபுரத்தில் சிஜிஎச்எஸ் பட்டியலில் உள்ள ஒரு மருத்துவமனை. அட்மிஷன் முதல் டிஸ்சார்ஜ் வரை கையில் காசு கேட்கவில்லை. அதற்கு முன்னால் பார்த்த டாக்டர் ஃபீஸ், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எங்கள் பணம், ஏனென்றால் அவை வெளிநோயாளிக் கணக்கு. இதை எதிர்பார்த்தே ஒரு தொகையை எடுத்து வைத்திருந்தேன். துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, டாக்ஸி, வீட்டுக்கு வந்த பிறகான மாத்திரை என்று இன்னும் கொஞ்சம் போனது. நிர்ணயித்த விலையை விடக் கூடுதலான பொருத்துக் கருவியை நாமாகக் கேட்டு வாங்கினால் வித்தியாசத்தை நாம்தான் கட்ட வேண்டும் என்று பக்கத்து அறைக்காரர் சொன்னார். முழங்கால் மாற்றுக்கு வந்திருந்தவர் அவர்.

அவசரம் என்றால் பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் சேரலாம். பணத்தை நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டும். ஆனால் திரும்பி வருவது சிஜிஎச்எஸ் விலைக்கு மட்டும்தான், பில் எவ்வளவு என்பது பொருட்டில்லை. டிஸ்சார்ஜ் ஆன ஆறு மாதத்துக்குள் அசல் பில்லோடு விண்ணப்பிக்க வேண்டும். நெஞ்சுவலி என்று இரவு நேரத்தில் நாகர்கோவிலுக்கு ஓடுகிறவர் பட்டியலையா பார்த்துக்கொண்டிருப்பார்? அதற்கென்று வங்கியில் ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருக்கிறோம்.

மகள் திருவனந்தபுரத்தில் வீடு வாங்கியிருக்கிறாள், அங்கேயே வந்துவிடுங்கள் என்கிறாள். அப்படிப் போனால் மையம் இருக்கும் ஊரில் எப்எம்ஏ கிடையாது, நிறுத்தும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். எப்எம்ஏவை விட்டு வெளிநோயாளி வசதிக்கு மாற வாழ்நாளில் ஒருமுறைதான் அனுமதி. அதை இப்போதே செலவழிக்க எனக்கு மனமில்லை. மனைவியும் இப்போதைக்கு மார்த்தாண்டம் சந்தையை விட்டு வருவதாக இல்லை.