பச்சோந்தி சாரின் கம்ப்ரசர்

நம் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் வருஷா வருஷம் கேட்பார், நானும் தட்டிக்கழிப்பேன். ட்ராயிங் சார் போய்விட்டார் என்ற செய்தி வந்த பிறகு தட்டிக்கழிக்க மனசு வரவில்லை.

அவருக்குப் பச்சோந்தி சார் என்று பெயர் வந்த கதை நம் செட்டுக்குத் தெரியும். ஜூனியர்களுக்காகச் சொல்கிறேன். முதல் உலகப் போரில், 1915இல், பீரங்கிகளை எதிரி கண்ணிலிருந்து மறைக்க பிரெஞ்சு ராணுவம் ஓவியர்களைச் சேர்த்துத் தனிப்பிரிவு ஒன்று தொடங்கியது. அதன் சின்னம் பச்சோந்தி. "ட்ராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்கிற ஸ்கூல்ல இதையும் தெரிஞ்சுக்கோங்கடா" என்று ஆரம்பித்து அதை நடத்தினார். மணி அடிப்பதற்குள் பெயர் வைத்தாகிவிட்டது.

மாடிப்படிக்குக் கீழே அவருடைய அறை நினைவிருக்கும். பழைய பிரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரசர், குழாய் நடுவில் பைக்கின் பெட்ரோல் ஃபில்டர், பிரான்சிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த ஏர்பிரஷ், அதாவது கம்ப்ரசர் காற்றால் பெயிண்டைத் தூவும் பேனா மாதிரிக் கருவி. பிரிட்ஜ் கம்ப்ரசர் சத்தம் போடாது. ஆனால் காற்றோடு கொஞ்சம் எண்ணெயையும் அனுப்பும். புதுச்சேரிக் கடற்காற்றின் ஈரம் வேறு. எல்லாவற்றையும் அந்தச் சின்ன ஃபில்டர்தான் பிடித்தாக வேண்டும்.

ஒரு வருஷம் குழந்தைகள் தினப் பொருட்காட்சியில், 72இல் ஒரு பங்கு ஜாகுவார் மாடலுக்கு எல்லார் முன்னாலும் வண்ணம் அடித்துக் காட்டும் வேலை எனக்கு. 1979இல் நம் விமானப்படைக்கு வந்த விமானம். பச்சையும் சாம்பலுமாகப் பட்டைகள். அந்த அளவு மாடலில் இரண்டு நிறமும் சேரும் ஓரம் மயிரிழை அளவுக்குத்தான் மங்கலாம். பெயிண்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும், காற்றின் அழுத்தம் 15 பவுண்டைத் தாண்டக் கூடாது, பிரஷ் இறக்கையை ஒட்டியே நகர வேண்டும். வெளியே ஐப்பசி மழை. கரஸ்பாண்டென்ட் குனிந்து பார்த்த நேரத்தில் ஏர்பிரஷ் இருமியது. இறக்கை முழுக்கப் பச்சைத் துளி.

சார் அதை என் கையிலிருந்து பிடுங்கி, தின்னர் துணியால் இறக்கையை ஒரே இழுப்பில் துடைத்தார். "மன்னிக்கணும் சார், கருவிக்குச் சளி. பிடிக்கிறவனுக்கும் மூக்கு ஒழுகுது." கேர்ள்ஸ் ஸ்கூல் வரிசை உட்பட ஹாலே சிரித்தது. எனக்கு ஒழுகியது மூக்கில் இல்லை.

கூட்டம் கலைந்ததும் உட்காரவைத்தார். சமாதானமாக ஒரு வார்த்தை கிடையாது. ஏர்பிரஷின் பெயிண்ட் கப்பைக் காலி செய்து, வெறும் காற்றை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஊதச் சொன்னார். பொடிப்பொடியாகத் தண்ணீர் நின்றது. "முதல்ல காத்து, அப்புறம் பெயிண்டு, கடைசியாத்தான் ஊசி. நீங்க எடுத்தவுடனே ஊசியைப் பிடுங்கி வளைச்சிட்டு வந்து நிப்பீங்க." ஊசி என்றது ஏர்பிரஷுக்குள் பெயிண்டைக் கட்டுப்படுத்தும் கம்பியை. கப்பில் குமிழி வந்தால் முனையிலுள்ள நாசில் சரியாக உட்காரவில்லை, காற்று பின்னால் ஏறுகிறது. அடித்த இடத்தில் பெயிண்ட் சிலந்திக் காலாக ஓடினால் தின்னர் அதிகம், இல்லை காற்று அதிகம். வீச்சு ஒரு பக்கமாகவே போனால் ஊசி முனை வளைந்திருக்கிறது. என் கட்டைவிரல் நகத்தின் மேல் ஊசியைச் சுழற்றியபடி இழுத்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத வளைவு நகத்தில் கீறியது.

ஈரம்தான் காரணம் என்று அவருக்கு முதல் இருமலிலேயே தெரியும். தெரிந்தும் பழியை என் தலையில் கட்டினார். பிரிட்ஜ் கம்ப்ரசரைப் பள்ளிக் கரண்டில் ஓட்டுவது கரஸ்பாண்டென்டுக்குத் தெரிந்திருந்தால் அறைக்கே பூட்டு விழுந்திருக்கும் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. அதற்காகக் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

பாரிஸ் பக்கம் வந்து குடியேறி, பிள்ளைகள் வளர்ந்த பிறகு மறுபடி ஏர்பிரஷ் பிடித்தேன். ஈரம் பிடிக்கும் குடுவையோடு கம்ப்ரசர் கடையிலேயே கிடைக்கிறது. ஹீட்டர் போட்ட அறையில் அந்தக் குடுவைக்கு வேலையே இல்லை. இங்கே தொல்லை நேர்மாறு: அக்ரிலிக் பெயிண்ட் ஊசி முனையிலேயே காய்ந்து அடைக்கிறது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு சொட்டு கலந்து, நடுநடுவே முனையை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டியிருக்கிறது. இதைச் சாருக்கு எழுதினேன். "ஈரமே இல்லாத ஊர்ல எப்படிடா இருக்க?" என்று ஒரு வரி பதில் வந்தது. அதற்கு என்ன எழுதுவது என்று யோசித்தே வருஷங்கள் ஓடிவிட்டன. லெ பூர்ஜே விமான மியூசியத்துக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டே எடுக்காத மனிதர்.

அந்தக் கம்ப்ரசர் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சங்கத்துக்கு எழுதுங்கள். காயலான் கடைக்குப் போகாமல் இருந்தால் நான் வந்து வாங்கிக்கொள்கிறேன், டிக்கெட் போட ஒரு சாக்கு. ஃபில்டரை மட்டும் யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.